கொலை விலக்குக் கட்டளையும் அதன் விளக்க வரலாறும்

மோசேயின் பத்துக் கட்டளைகளுள் கொலையை விலக்குவது எபிரேய மூலத்தில் இரண்டே சொற்களாலானது. எவர், எவரை, எச்சூழ்நிலையில் என்ற வரையறை எதுவும் அதில் இல்லை. அவற்றை வகுத்தோர் பிற்கால விளக்கவுரையாளரே. அவர்தம் அரசியல் நிலை அவ்விளக்கங்களை எவ்வளவு பாதித்தது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதலிற் சொல்லை நோக்குவோம். கட்டளையில் வரும் 'ராட்சாக்' என்னும் வினை போரிற் கொல்லுதலைக் குறிக்கப் பொதுவாக வழங்குவதன்று. எனவே, இக்கட்டளை சட்டத்துக்கு மாறான கொலையை மட்டுமே தடுக்கின்றது என்பர் பலர். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் 'கொல்லுதல்' எனப் பொதுப்படக் கூறியதை, 1885ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்புக் குற்றமாகிய கொலை என்ற பொருளுக்குச் சுருக்கியது. ஆயினும் எண்ணாகமம் 35ஆம் அதிகாரம், தவறுதலாக உயிர்போக்கி அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடுபவனையும், கொலையாளிக்கு அளிக்கப்படும் மரண தண்டனையையும் அதே சொல்லாற் சுட்டுகின்றது. ஆகவே, சொல்லாராய்ச்சி மட்டும் இவ்வழக்கைத் தீர்த்துவிடாது.

வரலாறு தருஞ் சான்று தெளிவானது. உரோமப் பேரரசன் தயோக்கிளீசியன் 303இல் தொடங்கிய கொடிய துன்புறுத்தற் காலத்தில் வாழ்ந்த லக்ரான்ரியஸ், இக்கட்டளைக்கு விதிவிலக்கே இல்லை என்றார். நீதிமான் போர்வீரனாதலும், ஒருவன்மீது மரண தண்டனைக்குரிய குற்றஞ் சாட்டுதலும் தகா என்பது அவர் நிலைப்பாடு.

பின்னர் 313இல் வழிபாட்டுச் சுதந்திரமும் 380இல் அரச சமயம் என்ற தகுதியும் கிறிஸ்தவத்துக்குக் கிட்டின. 410இல் உரோம் நகர் சூறையாடப்பட்டபின் 'கடவுளின் நகரம்' எழுதத் தொடங்கிய அகுஸ்தீனார், தற்கொலையையும் இக்கட்டளைக்குள் அடக்கினார்; ஆனால், இறையாணையால் நிகழும் போரையும் அரசு சட்டப்படி நிறைவேற்றும் மரண தண்டனையையும் அதற்குப் புறம்பாக்கினார். துன்புற்றோர் காணாத விதிவிலக்கு, அரசோடு இணைந்தோர் கண்ணுக்குப் புலனாயிற்று.

எனினும், விளக்கம் முழுவதும் அதிகாரத்தின் நிழலே எனல் மிகையாகும். டொனாத்தியப் பிரிவினர் சிலர் குருவொருவரைக் கொன்றபோது, அவர்களுக்கு மரண தண்டனை விதிக்க வேண்டாமென உரோம அதிகாரி மார்செல்லீனுசுக்கு மடல் வரைந்தவரும் அகுஸ்தீனாரே. தாம் நியாயமென ஏற்ற உரிமையைப் பயன்படுத்த அவர் மனம் ஒப்பவில்லை.

பாப்பரசரின் ஆட்சிப்புலத்தில் 1870 வரை மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 2018இல் பாப்பரசர் பிரான்சிஸ், அத்தண்டனை ஏற்கத்தகாதது எனக் கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டைத் திருத்தினார். கட்டளையின் சொற்கள் இரண்டும் மாறவில்லை. விதிவிலக்கின் எல்லையே விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளது. வரையறையின்றி நிற்கும் கட்டளையின் முன், கொல்லாதவன் காரணங் காட்ட வேண்டியதில்லை; விதிவிலக்கை வேண்டுபவனே அதனை நிறுவக் கடமைப்பட்டவன்.