மார்ட்டின் கவுண்டியின் குடிநீர்: விதிமீறல் அறிவிப்புகளும் ஓட்டைக் குழாய்களும் (1964–2020)

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கிழக்கு எல்லையில், அப்பலாச்சிய மலைமடிப்புகளுக்குள் இருக்கிறது மார்ட்டின் கவுண்டி. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 11,287. தலைமையூரான இனெஸ் ஒரு சிற்றூர். 1964 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் இங்கு வந்து ஓர் ஏழைத் தொழிலாளியின் வீட்டு முகப்பில் அமர்ந்து பேசினார். அந்தப் படம் அவர் அறிவித்த ‘வறுமைக்கு எதிரான போரின்’ அடையாளமாக நாடெங்கும் பரவியது. அரை நூற்றாண்டுக்குப் பின் அதே கவுண்டியில் பெரும்பாலானோர் குடிப்பதற்குக் கடையில் தண்ணீர் வாங்கினார்கள், குழாய்த் தண்ணீருக்கும் கட்டணம் கட்டிக்கொண்டே. இந்த நிலை எப்படி வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை நிலக்கரிச் சேறு. 2000 அக்டோபர் 11 நள்ளிரவுக்குப் பின், மாசி எனர்ஜியின் துணை நிறுவனமான மார்ட்டின் கவுண்டி கோல் கார்ப்பரேஷனின் கழிவுச்சேற்றுத் தேக்கம் அடியில் உடைந்தது. கீழே கைவிடப்பட்ட சுரங்கம் இருந்தது. அதன் வழியே சுமார் 30 கோடி கேலன், அதாவது 115 கோடி லிட்டர் சேறு இரண்டு ஓடைகளில் பாய்ந்து, டக் ஃபோர்க் ஆற்றில் கலந்து, ஒஹையோ ஆறு வரை போனது. எக்ஸான் வால்டீஸ் கப்பல் 1989இல் அலாஸ்கா கடலில் கொட்டிய எண்ணெயைப்போல ஏறத்தாழ முப்பது மடங்கு இது. சில வீட்டு முற்றங்களில் ஐந்தடிக்கு மேல் கருஞ்சேறு நின்றது. மனித உயிரிழப்பு இல்லை. ஓடைகளின் மீன்கள் எல்லாம் செத்தன. ஆற்றோரம் 27,000க்கும் மேற்பட்டோரின் குடிநீர் பாதிக்கப்பட்டது. கூட்டாட்சிச் சுரங்கப் பாதுகாப்பு அமைப்பு முதலில் விதித்த அபராதம் 1,10,000 டாலர். அதை நிர்வாக நீதிபதி 5,600 டாலராகக் குறைத்தார்.

இந்தக் கொடுமையை யாரும் சிறிதாக்க முடியாது. மக்கள் குழாய்த் தண்ணீரின்மேல் நம்பிக்கை இழந்ததற்கு முதல் காரணம் அதுதான். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் கவுண்டியின் குடிநீர் வாரியத்தின்மேல் எழுந்த விதிமீறல்களில் பெரும்பாலானவற்றைச் சேற்றால் விளக்க முடியாது. அவை பிறந்தது குளோரினிலும் துருப்பிடித்த குழாய்களிலும் காலிப் பணப்பெட்டியிலும். சட்டம் அவற்றைக் கண்டுபிடித்தது, எண்ணியது, மக்களுக்கு அறிவிக்கவும் செய்தது. அறிவித்ததோடு நின்றுகொண்டது என்பதே என் வாதம்.

சட்டத்தின் பின்னணியை இங்கே பார்க்க வேண்டும். கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரின், தண்ணீரில் உள்ள இலைதழை மட்கலோடு வினைபுரிந்து குளோரோஃபார்ம் முதலிய ட்ரைஹாலோமீத்தேன்களை உண்டாக்குகிறது என்பதை நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் யோஹான்னஸ் ரூக் 1974இல் வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் கையெழுத்தானது. 1979இல் இந்தப் பொருள்களுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற வரம்பு வந்தது. 1998இல் அது 80 ஆனது. குளோரின் வினையில் உண்டாகும் இன்னொரு வகையான ஹாலோஅசெட்டிக் அமிலங்களுக்கு 60 என்ற வரம்பும் அப்போதே வந்தது. 1996இல் சட்டத்தைத் திருத்தியபோது, ஒவ்வொரு வாரியமும் ஆண்டுதோறும் தண்ணீரின் தர அறிக்கையை நுகர்வோருக்குத் தர வேண்டும் என்றார்கள். குடிமகனுக்குத் தகவல் தெரிந்தால் அவன் கேள்வி கேட்பான், கேள்வி கேட்டால் வாரியம் திருந்தும் என்பது திருத்தத்தின் நம்பிக்கை.

மார்ட்டின் கவுண்டியில் அந்த நம்பிக்கை என்ன ஆனது என்பதற்கு அங்கே வீடுகளுக்குப் போன விதிமீறல் அறிவிப்பே சான்று. அதன் வாசகத்தை வாரியம் தன் விருப்பப்படி எழுத முடியாது. உடல்நலம் பற்றிய வரிகளைக் கூட்டாட்சி விதியே வகுத்துத் தந்திருக்கிறது. வரம்புக்கு மேல் ட்ரைஹாலோமீத்தேன் உள்ள தண்ணீரைப் பல ஆண்டுகள் குடிப்பவர்களுக்குக் கல்லீரல், சிறுநீரகம், நரம்பு மண்டலம் ஆகியவற்றில் கோளாறு வரலாம், புற்றுநோய் அபாயமும் கூடலாம் என்று அது சொல்கிறது. இது அவசரநிலை அல்ல என்றும் சொல்கிறது. இப்படியொரு தாளைப் படிக்கும் கர்ப்பிணிப் பெண் என்ன முடிவுக்கு வருவாள்? தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்பதற்கு அதில் நேரடியான பதில் இல்லை. போதாக்குறைக்கு, அறிவிப்பு பேசுவது ஏற்கெனவே குடித்து முடித்த தண்ணீரைப் பற்றி.

கணக்கிடும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. விதிமீறலை ஒரு நாள் அளவை வைத்துத் தீர்மானிப்பதில்லை. நான்கு காலாண்டுகளின் சராசரியை வைத்தே தீர்மானிக்கிறார்கள். உதாரணத்துக்கு, ஓரிடத்தில் கோடையில் 120, மற்றக் காலாண்டுகளில் 60, 50, 70 என்று வந்தால் சராசரி 75. விதிமீறல் இல்லை. வெயில் ஏறினால் வேதிவினையும் வேகமாகிறது. ஆகவே கோடையில் அளவு உயர்வது இயல்பு. அந்தக் கோடையைச் சராசரி மறைத்துவிடுகிறது. கென்டக்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளூர் மக்கள் அமைப்போடு சேர்ந்து 2018, 2019 ஆண்டுகளில் 97 வீடுகளின் குழாய்த் தண்ணீரைச் சோதித்தனர். ஏறத்தாழப் பாதி வீடுகளில் ஏதேனும் ஒரு பொருளாவது கூட்டாட்சி வரையறையைத் தாண்டியிருந்தது. இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் அளவு மாறியது. குழாய்த் தண்ணீரைக் குடிப்பதாகச் சொன்னவர்கள் எட்டில் ஒரு பங்கினர்தான்.

இனிக் குழாய்களுக்கு வருவோம். வாரியம் டக் ஃபோர்க் ஆற்றிலிருந்து நீரேற்றி, மலையிடுக்கிலுள்ள நீர்த்தேக்கத்தில் நிரப்பி, இனெஸ் அருகே சுத்திகரித்து அனுப்புகிறது. 1960களின் இறுதியில் சில நூறு இணைப்புகளுக்காகக் கட்டிய நிலையம் பிற்காலத்தில் சுமார் 3,500 இணைப்புகளுக்கு நீர் தர வேண்டியிருந்தது. குழாய்கள் மலைச்சரிவுகளில் நீண்டன. பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கவில்லை. சுத்திகரித்த நீரில் 15 சதவீதத்துக்கு மேல் வீணானால் அந்த இழப்பின் செலவைக் கட்டணத்தில் ஏற்றக் கூடாது என்பது கென்டக்கியின் விதி. இங்கே பாதிக்கு மேல் வழியிலேயே போனது. நூற்றுக்கு அறுபது பங்கு கசிந்தால், ஒரு வீட்டுக்கு 100 லிட்டர் சேர்க்க 250 லிட்டரைச் சுத்திகரிக்க வேண்டும். நிலையம் ஓயாமல் ஓடும். தொட்டியைக் கழுவவோ எந்திரத்தைச் செப்பனிடவோ நேரம் இருக்காது. குழாயில் அழுத்தம் குறைந்தால் வெளியிலுள்ள அழுக்கு நீர் ஓட்டை வழியாக உள்ளே வரும். உடனே காய்ச்சிக் குடிக்கச் சொல்லி எச்சரிக்கை வரும். ஆகவே குழாயின் கேட்டையும் தண்ணீரின் கேட்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

ஆனால் அரசு பிரித்துத்தான் பார்த்தது. தண்ணீரின் தரம் மாநில நீர்ப் பிரிவின் பொறுப்பு. கட்டணமும் நிர்வாகமும் பொதுச்சேவை ஆணையத்தின் பொறுப்பு. ஆணையம் 2002, 2006, 2016 என மூன்று முறை விசாரணை தொடங்கியது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே குறைகள்: கசிவு, பராமரிப்பின்மை, கடன், கணக்குக் குழப்பம். மூன்றாம் விசாரணை தொடங்கிய ஆண்டில்தான் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத்து ஈயக் குழாய்கள் நாடெங்கும் பேசுபொருளாயின. இனெஸ் பக்கம் அந்த வெளிச்சம் அவ்வளவாக விழவில்லை.

2018 ஜனவரிக் கடுங்குளிரில் அமைப்பு நொறுங்கியது. குழாய்கள் வெடித்தன, தொட்டிகள் நிரம்பவில்லை, வாரியம் இரவில் நீரை நிறுத்தியது, பல வீடுகளில் நாள்கணக்கில் ஒரு சொட்டு வரவில்லை. அதே ஆண்டு வாரியம் கேட்ட கட்டண உயர்வை ஆணையம் பகுதியளவில் ஏற்றது. வெளி நிர்வாகத்தைத் தேட வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. உள்ளூர் மக்கள் அமைப்பு அப்பலாச்சியக் குடிமக்கள் சட்ட மையத்தின் துணையோடு அந்தக் கட்டண வழக்கில் தரப்பாகச் சேர்ந்து, ஏழைகள் இந்தக் கட்டணத்தை எப்படிக் கட்டுவார்கள் என்று கேட்டது. நிலக்கரி வேலைகள் குறைந்து, மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஊரில் இது நியாயமான கேள்வி. மலையிலிருந்து பல பத்தாண்டுகள் நிலக்கரி போனது. அந்தச் செல்வத்தில் போதிய பங்கு குழாய்க்குத் திரும்பியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

2020 ஜனவரியில் மிசூரி மாநிலத்தின் அலையன்ஸ் வாட்டர் ரிசோர்சஸ் நிறுவனம் நிர்வாகத்தை ஏற்றது. அதன் பிறகும் கசிவு உடனே 15 சதவீத வரம்புக்குள் வந்துவிடவில்லை.

இந்த வரலாற்றைப் படிப்பவர்கள் வாரியத்தின் திறமையின்மையோடு குற்றத்தை முடித்துவிடுகிறார்கள். திறமையின்மை உண்மை. ஆனால் முதல் விசாரணையிலேயே கசிவைக் கண்ட ஆணையமும், ஆண்டுக்கணக்கில் அறிவிப்புகளைப் பதிந்துகொண்ட மாநிலமும், வரம்பை வகுத்துவிட்டுக் குழாய்க்குப் போதிய பணம் தராத கூட்டாட்சி அரசும் அதே அளவு பொறுப்பாளிகள். விதிமீறல் அறிவிப்பை அச்சிடுவதற்குச் சட்டம் கெடு வைத்திருக்கிறது. குழாயை மாற்றுவதற்கும் அதேபோல ஒரு கெடு வேண்டும். அதற்கான பணத்தை யார் தருவது என்பதையும் அதே விதியில் எழுத வேண்டும்.