அலையூர் பலகை: ஹவாய்த் தீவினர் மரத்தொழில் பற்றிய ஓர் ஆய்வு

கரை நோக்கி உருண்டுவரும் அலையின்மேல் மரப்பலகை கொண்டு ஊர்ந்து விளையாடும் வழக்கம் பசிபிக் மாகடலின் தீவுகள் பலவற்றிலும் இருந்தது. எனினும், ஆள் நின்று செல்லத்தக்க நெடும்பலகைகளைச் செய்யும் தொழில் தழைத்தோங்கியது ஹவாய்த் தீவுகளிலேயாம். குக் என்பாரின் கப்பலில் வந்த சேம்சு கிங் 1779-இல் இவ்விளையாட்டைக் கண்டு எழுதிய குறிப்பு 1784-இல் அச்சேறியது. அதன் பின் வந்த ஐரோப்பியர் பலரும் ஊர்ந்தாரைப் புகழ்ந்தனர். பலகை செய்தாரைப் பற்றி மிகுதியும் எழுதினாரல்லர். இத்தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அற்றுப்போயிற்று என்றும், இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கர் அதனை மீட்டனர் என்றும் கூறுவது பெருவழக்காயிற்று. அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை மரத்தையே சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஹவாய் மொழியில் இப்பலகைக்குப் பப்பா ஹெஎ நலு என்பது பெயர். பப்பா என்பது பலகை. ஹெஎ என்பது வழுக்கிச் செல்லுதல். நலு என்பது அலை. இது செய்யப்பட்ட முறையைத் தீவினர் ஒருவர் கூறியவாறு தாமசு திரம் என்பார் 1896-ஆம் ஆண்டுக்குரிய தம் ஆண்டு மலரில் வெளியிட்டார். அதன்படி, தச்சன் மரத்தைத் தேர்ந்தபின் அதன் அடியிற் செம்மீன் ஒன்றை வைப்பான். மரம் வீழ்ந்ததும் வேரிருந்த குழியில் அம்மீனையிட்டு வழிபடுவான். பின்னர்க் கல்வாய்ச்சியால் இருபுறமும் செதுக்கிப் பலகையின் வடிவைக் கொணர்வான். எஞ்சிய வேலை கடற்கரையிலுள்ள படகுக் கொட்டிலில் நடைபெறும். வாய்ச்சித் தழும்புகளைப் பவளக் கல்லாலும் சொரசொரப்பான பிற கற்களாலும் தேய்த்து மாற்றுவர். வேர்ச்சாறு, பட்டைச்சாறு, கரி முதலியவற்றால் கருநிறம் ஏற்றுவர். இறுதியிற் குக்குயிக் கொட்டையின் நெய்யைப் பூசுவர். ஆடி முடிந்த பலகையை வெயிலில் உலர்த்தி, மீண்டும் நெய் தடவி, மரப்பட்டைத் துணியிற் பொதிந்து வீட்டினுள் வைப்பதும் வழக்கம். வழிபாட்டை நீக்கிப் பார்ப்பினும், நீர் உட்புகாமற் காக்கும் திறம் இதில் முற்றும் அமைந்திருத்தல் காண்க.

பலகைகளுள் ஓலோ என்பது நீண்டது, தடித்தது. அலாயியா என்பது குறியது, மெலிந்தது. ஓலோவுக்கு விலிவிலி மரம் ஏற்றது என்பர். அது மிக இலேசானது. ஆதலின் தடித்த பலகையாயினும் நன்கு மிதந்து, உடையாது வீங்கிவரும் அலையில் விரையும். அலாயியாவுக்குக் கோவா மரமும் ஈரப்பலாவும் உதவின. சுருண்டு உடையும் அலைக்கு அது பொருந்தும். அலையின் இயல்பு வடிவையும், வடிவு மரத்தையும் வரையறுத்தன என்க.

விலிவிலி நம் கலியாண முருங்கையின் இனத்தது. நம் கட்டுமரமும் இலேசான மரங்களைப் பிணித்து ஆக்கப்படுவதே. இவற்றைக் கொண்டு இரு மக்களுக்கும் உறவு கற்பிக்க விரைவாரும் உளராகலாம். யாம் அதனை உடன்படோம். கட்டுமரம் தொழிற்கலம், ஓலோ விளையாட்டுப் பலகை. கனமற்ற மரம் மிதக்கும் என்பதை எக்கரையினரும் தாமே அறிவர்.

இனித் தொழிலின் நலிவைக் காண்போம். சமய போதகர் 1820-இல் வந்தனர்; விளையாட்டுக் குறைந்தமைக்கு அவர்தம் கண்டிப்பையே பலரும் காரணம் காட்டுவர். அதனினும் கொடியது நோய். 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற் கலப்பினரையும் சேர்த்துத் தீவினர் ஏறத்தாழ 40,000 பேரே இருந்தனர். ஆளின்றி எத்தொழிலும் நிலைபெறாது. ஆயினும் நலிதல் வேறு, அறுதல் வேறு. தீவினர் அலையூர்தலை ஒருபோதும் முற்றக் கைவிடவில்லை என்பதை ஐசாயா வாக்கர் 2011-இல் வெளியிட்ட நூலில் நிறுவியுள்ளார். தொழிலும் அத்தகையதே என்பதற்கு 1885-ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று சான்றாகும்.

அவ்வாண்டு ஹவாய் அரச குடும்பத்து இளைஞர் மூவர் கலிபோர்னியாவிற் கல்வி பயின்றுகொண்டிருந்தனர். கோடையிற் சாந்தா குரூசுக்கு வந்த அவர்கள், அவ்வூரில் அறுக்கப்பெற்ற செம்மரப் பலகைகளைக் கொண்டு ஓலோ போன்ற நெடும்பலகைகளை ஆக்குவித்து, ஆற்று முகத்தில் அலையூர்ந்தனர். உள்ளூர்ச் செய்தித்தாள் சூலையில் இதனை வெளியிட்டது. கலிபோர்னியாவின் இச்செம்மரம் நம் செஞ்சந்தனம் அன்று; வானளாவும் ஊசியிலை மரமாகும். விலிவிலியும் கோவாவும் இல்லாத நாட்டில், பள்ளிப் பருவத்தார் கிடைத்த மரத்தில் வடிவத்தை மீட்டெடுத்தனர் எனின், அவ்வடிவம் அவர்கள் நினைவில் வாழ்ந்திருத்தல் வேண்டும். அற்றுப்போன தொழிலுக்கு இஃது இயல்வதன்று.

தாமசு பிளேக்கின் பணியை யாம் குறைத்து மதிக்கவில்லை. ஹொனலூலுவிலுள்ள பிசப்பு அருங்காட்சியகத்தில், 1855-இல் மறைந்த தலைவர் பாக்கியின் நெடும்பலகைகள் இருந்தன. அவற்றைப் பிளேக்கு செப்பனிட்டார். 1926-இல் அவ்வடிவைச் செம்மரத்திற் செய்தபோது கனம் மிகவே, பல துளைகளிட்டு மெல்லிய மரத்தால் மூடினார். பின்னர் உள்ளே சட்டமமைத்து மேலே மென்பலகை போர்த்து, 1932-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1937-இல் அமெரிக்கத் தொழில்நுட்ப இதழொன்று அதன் செய்முறையை வரைபடத்துடன் வெளியிடவே, வீட்டுக் கொட்டிலிலேயே பலர் அதனைச் செய்யலாயினர். துளையும் சட்டமும் பிளேக்கினுடையன. அவர் முன்னே கிடந்த வடிவம் பாக்கியின் தச்சனுடையது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமசு வெகனர் என்பார் அதே அருங்காட்சியகத்து அலாயியாக்களைக் கண்டு, பவுலோனியா மரத்தில் அவ்வடிவினைச் செய்து பரப்பினார். இழைப்புளியும் நெய்யும் உடையார் எவரும் அதனைச் செய்துகொள்ளலாம். விலிவிலிக்கோ இடர் வேறாக வந்தது. இலையிலும் தளிரிலும் கழலை உண்டாக்கும் சிறு குளவியொன்று 2005-இல் ஹவாயில் நுழைந்து, வறண்ட தாழ்நிலக் காடுகளில் அம்மரங்களை மிகுதியாக அழித்தது. அதனை அடக்க 2008-இல் அதற்குப் பகையான மற்றொரு குளவியைக் கொணர்ந்து விட்டனர். அதன்பின் அக்காடுகளில் விலிவிலி மீண்டும் தளிர்க்கத் தொடங்கிற்று.