எரிந்த உயில்களும் வரிக்கான படிகளும்

இங்கிலாந்தில் மூதாதையரின் உயிலைத் தேடுவோர்க்கு இறப்பாண்டு மட்டும் போதாது. எந்த நீதிமன்றம் மெய்ப்பிதழ் வழங்கியது என்பதும் தெரிதல் வேண்டும். 1858 சனவரி 12க்கு முன் அவ்வதிகாரம் பெரிதும் திருச்சபை நீதிமன்றங்களிடமே இருந்தது. டெவன் பகுதியினர்க்கு இத்தேடல் மிகக் கடினம். எக்சிட்டர் நகரில் காக்கப்பட்ட உயில்கள் 1942 குண்டுவீச்சில் எரிந்தன. ஆயினும் அவ்வழிவு முழுமையானதன்று. ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் சொத்துடையோரின் உயில்கள் கேன்டர்பரிப் பேராயரின் நீதிமன்றத்திற்குச் சென்றமையால், அவற்றின் பதிவேட்டுப் படிகள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் எஞ்சியுள்ளன. 1812 முதல் மரபுரிமை வரிக்காக எடுக்கப்பட்ட படிகளும் தப்பின. வாரிசுகளுக்குச் சுமையாயிருந்த வரியே ஆய்வாளர்க்குச் சான்றானது! மணமான பெண்களின் உயில்களோ இவ்விரண்டிலும் அரிது. 1882ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன் கணவரின் இசைவின்றிப் பொதுவாக அவர்கள் உயில் எழுத இயலாது. அவர்களைத் தந்தையர், கைம்பெண்களான உறவினர் ஆகியோரின் உயில்களிலேயே தேட வேண்டியுள்ளது.