ஸ்டோக்சே கோட்டை

ஸ்டோக்சே கோட்டை, இங்கிலாந்தின் சுரொப்சயர் கவுண்டியில், லட்லோ நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்டோக்சே என்னும் சிற்றூரில் அமைந்த, அரண் செய்யப்பட்ட மாளிகை ஆகும். 13 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இது, அந்நாட்டில் இவ்வகை மாளிகைகளுள் மிக நல்ல நிலையில் எஞ்சியுள்ளவற்றில் ஒன்று. கோட்டை என அழைக்கப்பட்டாலும் இதைக் கட்டியவர் படைத்தலைவர் அல்லர், கம்பளி வணிகர்.

வரலாறு

லட்லோவின் லாரன்ஸ் என்னும் பெருவணிகர் 1281 இல் இவ்விடத்தை வாங்கினார். ஞாயில்கள் அமைத்து அரண் செய்ய 1291 இல் முதலாம் எட்வர்ட் மன்னரிடம் அனுமதி பெற்றார். அதற்குள் வேல்சு அடக்கப்பட்டுவிட்டதால் எல்லைப்புறத்தில் அச்சம் குறைந்திருந்தது. கம்பளி மீது மன்னர் விதித்த கடும் வரிக்குத் துணைநின்ற லாரன்ஸ், 1294 இல் கம்பளி ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கி இறந்தார். கம்பளி உற்பத்தியாளருக்கு இழைத்த தீங்கின் பயன் என்றே துறவிமடக் குறிப்பு ஒன்று இதைக் கூறுகிறது.

1620 இல் கிரேவன் குடும்பத்தார் இதனை வாங்கினர். உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்புப் படை இங்கே தங்கியிருந்தது. எனினும் 1645 இல் நாடாளுமன்றப் படை முற்றுகையிட்டபோது, பேச்சுவார்த்தைக்குப் பின் கோட்டை ஒப்படைக்கப்பட்டது. 1647 இல் சுற்றுமதில் மட்டுமே இடிக்கப்பட்டது. பீரங்கித் தாக்குதலை எதிர்த்து நின்றிருப்பின் இன்று காண்பதற்கு அதிகம் இருந்திராது.

பின்னர் பண்ணைக் கட்டிடமாகி, கொல்லுப்பட்டறையும் பீப்பாய்ப் பட்டறையும் இதனுள் இயங்கின. 1869 இல் கையுறை உற்பத்தியாளர் ஜோன் ஆல்கிராஃப்ட் இதனை வாங்கிப் பழைய தோற்றம் கெடாமல் பழுதுபார்த்தார். 1992 முதல் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் பொறுப்பில் உள்ளது.

கட்டிட அமைப்பு

வடக்கிலும் தெற்கிலும் கோபுரங்கள், அவற்றிடையே பெருங்கூடம், அதையடுத்துக் குடும்பத்தாரின் தனியறை என்பன ஒரே வரிசையில் உள்ளன. பெருங்கூடம் ஏறத்தாழ 16 மீட்டர் நீளமானது. நடுவில் தூண்களின்றி, வளைந்த பெருமரங்கள் கூரையைத் தாங்குகின்றன. கூடத்தின் நடுவே எண்கோண அடுப்புத்தளம் காணப்படுகிறது. முழுமரத்தை அறுத்துச் செய்த படிகளைக் கொண்ட மரப்படிக்கட்டும் இங்குள்ளது. தனியறையிலிருந்து கூடத்தைக் கண்காணிக்கச் சிறு சாளரங்கள் உண்டு.

தெற்குக் கோபுரத்தின் தடித்த சுவர்கள் பாதுகாப்புக்கு ஏற்றவை. ஆனால் பெருங்கூடத்தின் உயர்ந்த சாளரங்கள் வெளிப்புறமாகவும் திறந்துள்ளன. உண்மையான முற்றுகையில் இவை பெருங்குறையாக இருந்திருக்கும். ஆகவே அரண் தோற்றம் கள்வரைத் தடுக்கவும், வணிகரின் செல்வநிலையைக் காட்டவும் உதவியது எனக் கொள்ளலாம். 1640-41 இல் எழுப்பப்பட்ட மரச்சட்டக வாயில்மாடம் போருக்கு முற்றிலும் பயன்படாதது. எனினும் அதன் செதுக்கு வேலைப்பாடுகள் நுழைவோரின் கண்ணில் முதலில் படுகின்றன.