திருச்சபை: பந்தியால் அறியப்பட்ட சமூகம்

கிறிஸ்தவ நம்பிக்கையில் திருச்சபை என்பது கிறிஸ்துவின் பேரில் ஒரே பந்தியில் அமரும் மக்கள். எருசலேமின் முதல் விசுவாசிகள் உடைமைகளைப் பொதுவில் வைத்து, வீடுதோறும் அப்பம் பிட்டு உண்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு, இல்லாதவர்களைப் பசியோடு விட்டதைப் பவுல் கண்டித்தார். அவர் தொட்ட புண் தமிழ் மண்ணில் சாதியாக இருந்தது.

சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென்று ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சைச் சபையார் பலர் அதை ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் இன்னும் கண்டிப்பாக நின்றது.  1847இல் இம்மிஷனார், சேர்ந்துண்ண மறுப்பவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று முடிவெடுத்தார்கள். பலர் விலகிப் போனார்கள். ஆள் குறைந்தாலும் பந்தி பிரியக்கூடாது என்ற அந்த நிலையே, என் கருத்தில், இந்த வரலாற்றின் மிகத் துணிவான கட்டம்.

கத்தோலிக்கரிடையேயும் இதே போராட்டம். வடக்கன்குளத்தில் வெள்ளாளரும் நாடாரும் தனித்தனியே அமரும்படி 1870களில் கோயிலே இரண்டு சிறகாகக் கட்டப்பட்டது. பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. பழைய ஏற்பாடு தங்கள் உரிமை என்று வெள்ளாளர் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது.

பிரிவினை சாதியால் மட்டும் வரவில்லை. ஐரோப்பாவின் சபைப் பிளவுகளும் கப்பலேறி வந்திருந்தன. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய 33 பேர், இப்பிளவுகள் நாம் உண்டாக்கியவை அல்ல என்று அறிவித்து ஒன்றிணைய அழைத்தார்கள். ஆங்கிலிக்கன் பேராயர் வே. சா. அசரியா அவர்களில் முதன்மையானவர். அதன் பலனாக 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது.

மதுரை–இராமநாதபுரம் பேராயத்தின் முதல் பேராயராக அன்றே லெஸ்லி நியூபிகின் அருட்பொழிவு பெற்றார்.  கிராமச் சபைகளைச் சுற்றிவந்த அனுபவத்தோடு அவர் 1952இல் கிளாஸ்கோவில் ஆற்றிய உரைகள் மறு ஆண்டு நூலாயின. வசனம் கேட்பது, திருவருட்சாதனங்களில் பங்குகொள்வது, ஆவியானவரைப் பெறுவது ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு சபையை ஆக்குகின்றன என்பது அவர் வாதம். பிற்காலத்தில், நற்செய்திக்கு நம்பத்தக்க விளக்கம் அதை வாழ்ந்து காட்டும் உள்ளூர்ச் சபையே என்றார். ஆனால் அப்படி வாழ்ந்து காட்டுவது இன்னும் முழுமையாகவில்லை: சாதிவாரியான தனிக் கல்லறைத் தோட்டங்களை ஒழிக்கக் கோரித் தலித் கிறிஸ்தவர்கள் சபைத் தலைமைகளிடம் இன்றும் முறையிட்டு வருகிறார்கள்.