பருவமழையும் சூரியப் புயலும்: தமிழகத்தில் சூரிய ஆய்வின் வரலாறு

சூரியனின் புற வளிமண்டலமான கரோனாவிலிருந்து பிளாஸ்மா எனப்படும் மின்னேற்றம் பெற்ற வாயு, காந்தப்புலத்துடன் பெருந்திரளாக வீசப்படுவது சூரியப் பொருண்மை வெளியேற்றம் எனப்படும். பெரிய வெளியேற்றம் ஒன்றில் சுமார் 100 கோடி டன் பொருள் நொடிக்கு 250 முதல் 3,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். தமிழகத்தில் இத்துறைக்கு வழிவகுத்தது மழை பற்றிய கவலையே.

பின்னணி

1876–78இல் பருவமழை பொய்த்துச் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டனர். சேலம், பெல்லாரி போன்ற வறண்ட மாவட்டங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. காவிரிப் பாசனம் பெற்ற தஞ்சை பெருமளவு தப்பியது. ஆனால் அந்தக் காவிரிக்கும் குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையே நீர் தருகிறது. சம்பா விளைய வடகிழக்குப் பருவமழையும் வேண்டும்.

சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. 1877இல் நார்மன் லாக்கியரும் வில்லியம் ஹண்டரும் சென்னை மழைப் பதிவுகளைக் கொண்டு, புள்ளிகள் குறையும் காலத்தில் பஞ்சம் வருவதாக வாதிட்டனர்.

கோடைக்கானல் ஆய்வகம்

மழையை முன்கூட்டி அறியலாம் என்ற நம்பிக்கை, சூரியனுக்கென ஓர் ஆய்வகம் அமைக்கும் முயற்சிக்கு வலுச்சேர்த்தது. மிக்கி ஸ்மித் கோடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கு கண்டறிந்தார்.

மழை பற்றிய எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. புள்ளிகளுக்கும் இந்திய மழைக்கும் உள்ள தொடர்பு மிக மெலிந்தது என்று கில்பர்ட் வாக்கர் கண்டார். எனினும் 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் பெருஞ்செல்வமாயின. காந்தப்புலம் தாங்கி நிற்கும் சூரிய இழைகள் அவற்றில் பதிவாகியுள்ளன. முறுக்கேறிய காந்தப்புலம் நிலைகுலைந்து இழை வெடித்தெழும்போது பொருண்மை வெளியேற்றமும் பெரும்பாலும் உடன் நிகழ்கிறது.

உதகையும் ஆதித்யாவும்

வெளியேற்றம் முதன்முதலில் 1971 டிசம்பரில் அமெரிக்காவின் ஓஎஸ்ஓ-7 செயற்கைக்கோளில் பதிவானது. 2015 ஜூன் 22 அன்று பூமியைத் தாக்கிய ஒரு வெளியேற்றம் புவிக் காந்தக் கவசத்தைச் சிறிது நேரம் தளர்த்தியது. அப்போது உள்நுழைந்த அண்டக் கதிர்களால் மியூவான் துகள்கள் இரண்டு மணி நேரம் அதிகரித்ததை உதகையின் கிரேப்ஸ்-3 கருவி பதிவுசெய்தது. கோடைக்கானலை நிர்வகிக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம் ஆதித்யா-எல்1 விண்கலத்துக்குக் கரோனா நோக்கியை உருவாக்கியது. விண்கலம் 2024 ஜனவரி 6 அன்று, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை அடைந்தது.

தாக்கம்

2024 மே மாதப் புயலின்போது அமெரிக்காவில் ஜிபிஎஸ் வழிகாட்டும் டிராக்டர்கள் தடுமாறி விதைப்பு தடைப்பட்டது. நாகப்பட்டினம் மீனவர்களும் கடலில் ஜிபிஎஸ் கருவியைப் பயன்படுத்துகின்றனர். மழைக்காகத் தொடங்கிய சூரிய ஆய்வு, இன்று இத்தகைய புயல்களை முன்னறிவிக்க உதவுகிறது.