காசு வாங்காமல் ஆடிய கிளப்



கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். ஹாம்ப்டன் பார்க் கால்பந்து மைதானம். "சார், வகுப்பில் அடிக்கடி சொல்வீர்களே, நேரில் பார்த்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார். மகிழ்ச்சியாக இருந்தது. கூடவே ஒரு பழைய உறுத்தலும் எழுந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடம்.

அந்த மைதானத்தை உருவாக்கிய கிளப்பின் பெயர் குயின்ஸ் பார்க். 1867 ஜூலை 9 அன்று கிளாஸ்கோ நகரின் தென்பகுதியில் சில இளைஞர்கள் கூடித் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்தில் இன்றும் இயங்கும் கால்பந்து கிளப்புகளில் இதுதான் மிகப் பழையது. "விளையாட்டுக்காகவே விளையாட்டு" என்பது அவர்கள் லத்தீனில் வைத்துக்கொண்ட வாசகம். ஆடுகிறவருக்குச் சம்பளம் கிடையாது. அந்தக் கொள்கையை 152 வருடம் காப்பாற்றினார்கள்.

இங்கிலாந்தில் எஃப்.ஏ. கோப்பை தொடங்கியபோது, கோப்பை செய்வதற்கு இவர்களும் ஒரு கினி நன்கொடை கொடுத்தார்கள். 1872 மார்ச்சில் லண்டனுக்குப் போய் அரையிறுதியில் வாண்டரர்ஸ் அணியுடன் மோதினார்கள். கோல் இல்லாமல் சமன். மறு ஆட்டம் ஆட வேண்டும். அதற்குக் கையில் பணம் இல்லை. விலகிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வாண்டரர்ஸ் இறுதிக்குப் போய்க் கோப்பையை வென்றது.

அதே ஆண்டு நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டம் அதுதான். ஸ்காட்லாந்து அணியின் பதினொரு பேரும் குயின்ஸ் பார்க் ஆட்கள். அந்தக் காலத்தில் ஒருவர் பந்தை எடுத்தால் அவரே முடிந்தவரை ஓட்டிக்கொண்டு போவார். உடல் எடை குறைந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் சேர்ந்து ஆடி ஈடுகொடுத்தார்கள். கோல் இல்லாமல் சமன். இன்று நாம் டி.வி.யில் பார்க்கும் பாஸ் ஆட்டத்தை வளர்த்ததில் இந்தக் கிளப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஸ்காட்டிஷ் கோப்பையை முதல் மூன்று வருடமும் இவர்களே வென்றார்கள். மொத்தம் 10 முறை. கடைசியாக வென்றது 1893-இல். அதே வருடம்தான் ஸ்காட்லாந்தில் சம்பள ஆட்டம் சட்டபூர்வமானது. அதற்கு முன்பே பல கிளப்புகள் திரைமறைவில் பணம் கொடுத்து வந்தன. 1890-இல் லீக் தொடங்கியபோதே, இது சம்பளத்தில்தான் போய் முடியும் என்று குயின்ஸ் பார்க் ஒதுங்கி நின்றது. 1900-இல்தான் சேர்ந்தது. அதற்குள் காலம் மாறிவிட்டது.

1903-இல் இன்றைய ஹாம்ப்டன் பார்க்கைத் திறந்தார்கள். 1937-இல் அங்கே நடந்த ஸ்காட்லாந்து - இங்கிலாந்து ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 1,49,415 பேர். ஆனால் பிற்காலத்தில், சொந்தக்காரர்கள் ஆடும்போது சில நூறு பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

சர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஆட்டக்காரராகத் தொடங்கியது இங்கேதான். ஆண்டி ராபர்ட்சனும் அப்படியே. வேறொரு கிளப் கைவிட்ட அந்தப் பையன் 2012-இல் இங்கே ஆடிக்கொண்டே, ஹாம்ப்டனில் டிக்கெட்டுக்குப் போன் எடுக்கும் வேலையும் பார்த்தான். பிறகு லிவர்பூலுக்கு ஆடினான், ஸ்காட்லாந்தின் கேப்டன் ஆனான். இப்படி வளர்த்துவிட்ட பிள்ளைகளைப் பணமுள்ள கிளப்புகள் அழைத்துப் போனால் தடுக்க வழியில்லை. 2019 நவம்பரில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு, இனி சம்பளம் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தார்கள்.

முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. யோசித்தால், கொள்கைக்காக ஆடியவர்களுக்கும் வயிறு இருந்திருக்கிறது. காசு வாங்காமல் ஆட, வீட்டில் யாராவது சம்பாதிக்க வேண்டும். இந்தப் பாதியை நான் வகுப்பில் சொன்னதே இல்லை.

இப்போது அந்த உறுத்தல். முப்பது வருடம் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பையன், நல்ல இடதுகால் ஆட்டக்காரன். வெளியூர் செவன்ஸ் பந்தயத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆடினான் என்று தெரிந்தது. எல்லார் முன்னாலும் நிறுத்தி, குயின்ஸ் பார்க் கதையைச் சொல்லி, பள்ளி அணியிலிருந்து அவனை எடுக்க வைத்தவன் நான்தான். அந்தக் காசு அவன் வீட்டில் அரிசிக்குப் போனது என்று பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு அவன் மைதானத்துப் பக்கமே வரவில்லை.

தம்பி, இதை நீ படித்தால் ஒன்று சொல்கிறேன். அன்று தப்பு செய்தது நீ இல்லை, நான். முடிந்தால் ஒரு நாள் வீட்டுக்கு வா.

அன்புடன்,
உங்கள் சார்